மாட வீதியில் வெறுந்தொட்டில்

திருவண்ணாமலை ரயிலடியில் இறங்கியதும் முதல் வேலையாக மூட்டைகளைத் தொட்டுப் பார்த்தேன். தகரப் பெட்டி, படுக்கைச் சுருள், கூஜா, அத்தையின் வெற்றிலைப் பை, மஞ்சள் சேலை வைத்த துணிப்பை. எல்லாம் இருந்தன. ஆனாலும் இன்னொரு தடவை தொட்டேன். கப்பலில் ஏறியதிலிருந்தே இப்படித்தான். அலை எழும்பினால் கவிழ்ந்துவிடுமோ, எழும்பாமல் கிடந்தால் இயந்திரம் நின்றுவிட்டதோ. கவலைப்பட ஒன்றும் இல்லையென்றால் அது ஏன் என்று கவலைப்படுகிறவள் நான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷம், மாசி மாதம். நான் பிறந்தது ஒரு ரப்பர்த் தோட்டத்தில். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவதோடு நின்று, கல்யாணமாகி ஈப்போ பட்டணத்துக்கு வந்தவள். இந்தியாவை அதுவரை பார்த்ததில்லை. அத்தை என்று நான் சொல்வது என் மாமியாரை. அவருக்கு இதுதான் பிறந்த ஊர். பதினைந்து வயதில் கப்பலேறியவர், தலை நரைத்துத் திரும்பி வருகிறார்.

ஜட்கா வண்டிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டு சவுக்கை ஓங்கினார். குதிரை நகரவில்லை. வண்டி பின்பக்கம் சாய்ந்து, குதிரையின் முன்கால்கள் தரையைத் தேடின.

"பெரியம்மா, கொஞ்சம் முன்னால தள்ளி குந்துங்க. பின்பாரம் ஜாஸ்தி. குதிரைய மேல தூக்குது."

"என்னப் பாத்தா பாரமாவாடா இருக்குது உனக்கு? உன் குதிரைக்குக் கொள்ளு கம்மி, அதச் சொல்லு."

அத்தை முன்னால் நகர்ந்ததும் குதிரை நடந்தது. ஈப்போவில் மூன்று சக்கர வண்டியைப் பின்னாலிருந்து மிதிப்பார்கள். இடித்தால் முதலில் நமக்குத்தான் அடி என்று அங்கே பயப்படுவேன். இங்கே குதிரை உதைத்தால் என்ன செய்வது என்று பயந்தேன். அதற்குள் திருப்பத்தில் மலை தெரிந்தது. அத்தை பேச்சை நிறுத்திவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதன்பின் வண்டி நிற்கும்வரை வாயைத் திறக்கவில்லை. அவர் அப்படிப் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எதற்காக வந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். வயிறு திறக்கவில்லை. மருதாணி வேரைக் கஷாயம் வைத்துக் குடித்தாயிற்று. மலாய்க்கார மருத்துவச்சி வந்து வயிற்றை நீவிவிட்டாள். பட்டணத்து டாக்டரம்மா என்னைச் சோதித்துப் பார்த்து, "உன் கணவரையும் அழைத்து வா" என்றார். அத்தை, "ஆம்பளைக்கு இன்னா சோதனை?" என்று வாசலோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டார். கடைசியாக அத்தை எடுத்த முடிவு இது: அண்ணாமலையில் கரும்புத் தொட்டில் வேண்டுதலை முடிப்பது. அப்புறமும் ஒன்றும் இல்லையென்றால் வைகாசியில் என் வீட்டுக்காரருக்கு இரண்டாம் கல்யாணம். ஈப்போவுக்குப் பக்கத்து ஊரான சுங்கையில் பெண்ணும் பார்த்தாயிற்று. அவர் எதற்கும் வாய் திறக்கவில்லை. அம்மா சொன்னால் சரி என்கிற மனிதர்.

என் மனதில் வேறொன்று இருந்தது. பக்கத்து வீட்டுச் சீனத்தி கீரை விற்கிறவள். அவளுக்கு ஐந்தாவதும் பெண். எங்கள் ஊரில் சீனர்கள் வளர்க்க முடியாத பெண் குழந்தையைத் தமிழர் வீட்டுக்குக் கொடுத்துவிடுவது நடக்கிற காரியம்தான். கிணற்றடியில் மலாய் பாஷையில் அவள் சொன்னாள்: "நீ எடுத்துக்கொள். உன் வீட்டில் பானை நிறைய அரிசி இருக்கிறது. என் வீட்டில் வாய்தான் நிறைய இருக்கிறது." அந்தக் குழந்தை என் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அத்தையிடம் சொன்னேன். "சீனக் குட்டியா? அதுவும் பொட்டப் புள்ள. நாளைக்கு எம் மவனுக்குக் கொள்ளி வைக்குமா அது?" என்றார். நாங்கள் கிளம்பும்போது சீனத்தி சொன்னது இதுதான்: முதலில் யார் வந்து கேட்கிறார்களோ அவர்களுக்குக் கொடுத்துவிடுவாள். காத்திருக்க அவளால் முடியாது.

அதனால் கப்பலில் அத்தையிடம் ஒரு வாக்கு வாங்கினேன். "நீங்க சொல்ற வேண்டுதல ஒரு குறையும் இல்லாம செய்றேன். செஞ்சு முடிச்ச அன்னைக்கு நான் ஒண்ணு கேப்பேன். தரணும்." நகை கேட்பேன் என்று நினைத்திருப்பார். "தரேன், போ" என்றார். அந்த வார்த்தையைத்தான் நான் எல்லா மூட்டைகளையும்விடப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு குருக்கள் வீட்டின் முன்னறையில் தங்கினோம். குருக்களின் மனைவியை எல்லோரும் கௌரி மாமி என்றார்கள். கிணற்றுக்குப் போக எங்களுக்குப் பக்கவாட்டுச் சந்து வழியைக் காட்டினார். காட்டிக்கொண்டே கேட்டார்: "குழந்தைகள் எத்தனை?"

ஈப்போ சந்தையில் இதை மூன்று பாஷையில் கேட்பார்கள். இங்கே ஒரே பாஷைதான், ஆனால் ரயிலடியிலிருந்து அந்த வாசலுக்கு வருவதற்குள் இது நாலாவது முறை. "இனிமேல்தான்" என்றேன். வழக்கமாக நான் சொல்லும் பதில். வளைகாப்பு வீடுகளில் என்னை வளையல் போடக் கூப்பிடமாட்டார்கள், ஆனால் பந்தியில் பரிமாறக் கூப்பிடுவார்கள். அங்கேயும் இதே பதில்தான்.

மறுநாள் காலையில் ஓட்டலில் இட்லி தின்றோம். வேர்க்கடலைச் சட்னி. தேங்காய்ச் சட்னி என்று நினைத்து வாயில் வைத்தவள் கெட்டுப்போயிருக்கிறதோ என்று இலையை முகர்ந்தேன். "இது எங்க ஊரு சட்னிடி, மூக்கால தின்னாத" என்றார் அத்தை. காப்பியில் டின் பால் இல்லை. கறந்த பாலின் வாசனை. அத்தை இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். எனக்கு மட்டும் தயிர் வேண்டாம் என்றார். கர்ப்பப்பைக்குக் குளிர்ச்சியாம். ஓட்டல்காரருக்கும் காரணம் சொன்னார். அடுத்த பலகையில் உட்கார்ந்திருந்தவர்களும் தெரிந்துகொண்டார்கள்.

அன்று மாசி மகம். ஊரெல்லாம் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. நாங்களும் போனோம். மணலில் கால் புதைய நிற்கும்போது, எங்கள் பக்கத்தில் அவித்த வேர்க்கடலையை மடியில் கட்டிக்கொண்டு நின்ற ஒரு கிராமத்து அம்மாளிடம், என்ன விசேஷம் என்று கேட்டேன்.

"தெரியாதா? அந்தக் காலத்துல இந்த ஊர ஆண்ட ராசாவுக்குப் புள்ள இல்ல. சாமியே நான் உனக்குப் புள்ளயா இருக்கறேன்னு வாக்குக் குடுத்துட்டாரு. ராசா செத்ததுலருந்து வருசா வருசம் வந்து திதி குடுக்கறாரு. இன்னைக்கு நம்ம அண்ணாமலையாரு காரியக்காரரு."

சாமி ஆற்றில் இறங்கித் தீர்த்தமாடினார். மேளம் முழங்கியது. அத்தை அழுதுவிட்டார். "பாத்தியா தனம்? புள்ள இல்லாதவனுக்கு சாமியே எள்ளும் தண்ணியும் விடுது. அவ்ளோ பெரிய கொறைடி அது."

நான் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தேன். "ராணிக்கு?" என்று அந்த அம்மாளைக் கேட்டேன்.

"ராணிக்கா? ராணிய யாரு கேட்டா?" என்று சிரித்தவர், கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "வாக்குக் குடுக்கறதுக்கு முன்னால சாமி ஒரு குழந்தையா மாறி ராணி கையில இருந்தாராம். அள்ளி எடுத்து அணைச்சதுமே மறைஞ்சுட்டாராம். ராணிக்கு அந்த ஒரு அணைப்புதான்."

ஒரு கை கடலையை என் கையில் திணித்துவிட்டுக் கூட்டத்தில் போய்விட்டார். ராஜாவின் கவலை செத்த பிறகு வரும் கவலை. அதற்குத் திதி வந்துவிட்டது. ராணிக்கு உயிரோடு இருக்கும்போதே கை வெறுமையாக இருந்ததே, அதற்கு எந்த ஆற்றங்கரையில் மேளம் அடிக்கிறார்கள்? எனக்குத் தண்ணீர் விட ஆள் வேண்டாம். நான் சோறு பிசைந்து ஊட்ட ஒரு வாய் வேண்டும். பன்னிரண்டு வருஷமாக எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாமலிருந்தது அந்த மணலில் தெளிந்தது. அதன் பிறகு பஸ்ஸில் வரும்போது பிரேக் பிடிக்குமா என்றுகூட நான் யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் கரும்பு தேடினோம். பொங்கல் முடிந்து கடைகளில் கரும்பு இல்லை. வெல்ல ஆலைக்குப் போகிற வண்டி ஒன்றை அத்தை நடுத்தெருவில் மறித்து, வண்டிக்காரரின் பெண்டாட்டி பிள்ளைகளையெல்லாம் விசாரித்து, நல்ல கரும்பாக நாலு உருவிக்கொண்டார். முற்றத்தில் வைத்து நாலையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, ஈப்போவிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் சேலையைத் தூளியாகத் தொங்கவிட்டோம். கௌரி மாமி பார்த்துக்கொண்டே நின்றார்.

"யாருக்கு இது?"

"இவளுக்குத்தாங்க. புள்ள வரம் கேட்டு தொட்டில் சுத்தப் போறோம்."

மாமி கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். "அடடா! கரும்புத் தொட்டில் கேக்கறதுக்கு இல்லை, கொடுத்ததுக்கு. குழந்தை பொறந்து, அதைத் தொட்டில்ல போட்டு, அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிண்டு வரணும். அதுவும் கார்த்திகைத் தேருக்கு. வேண்டிக்கறவா மரத்துல சின்னத் தொட்டில் கட்டறது வேற ஊர் வழக்கம். நீங்க ரெண்டையும் சேர்த்துக் குழப்பிண்டுட்டேள்."

அத்தையின் முகம் சுருங்கிப்போயிற்று. "நான் இந்த ஊர்ல பொறந்தவங்க" என்றார். குரலில் பலமில்லை. நாற்பது வருஷம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர். ஞாபகத்தில் இரண்டு கோயில்கள் ஒன்றாகிவிட்டன. முடிச்சை அவிழ்க்கக் குனிந்தார். "வுட்டுடு தனம். நாலு பேரு சிரிப்பாங்க. கார்த்திகைக்குப் பாத்துக்கலாம்."

கார்த்திகைக்குள் வைகாசி வந்துவிடும். இன்று வேண்டுதல் குறைந்துபோனால் அந்தக் குறையே நாளைக்குக் காரணமாகும். நீ சரியாக முடிக்கவில்லை, அதனால்தான் வயிறு திறக்கவில்லை என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், கப்பலில் நான் வாங்கிய வாக்கு முழுகிவிடும். கரும்பின் பின்முனையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டேன்.

"நேந்துக்கிட்டது நேந்துக்கிட்டதுதான். முன்னால தூக்குங்க அத்தை."

"வெறுந்தொட்டிலாடி?"

"தூக்குங்க."

தூக்கினார். தேரடியிலிருந்து கிளம்பினோம். தொட்டில் வருகிறதென்றால் அந்த ஊரில் சும்மா இருப்பார்களா? குழந்தையைப் பார்க்கக் கடைக்குக் கடை எட்டிப் பார்த்தார்கள். பாத்திரக் கடை அம்மாள் திருஷ்டி கழிக்க ஓடிவந்து, துணியை விலக்கிப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "கொழந்த எங்க?" என்று ஒருத்தர். "ஊருக்குப் போயிருக்குது போல" என்று இன்னொருத்தர். சிரிப்பு. பரிமாறக் கூப்பிட்டு வளையல் போடக் கூப்பிடாத எல்லா வீடுகளும் சேர்ந்து ஒரே தெருவாக நின்றது போல இருந்தது. என் முன்னால் அத்தையின் முதுகு மட்டும் தெரிந்தது. ரவிக்கை வேர்வையில் ஒட்டியிருந்தது. அவர் கால் தடுமாறும்போதெல்லாம் கரும்பு என் தோளை அழுத்தியது. பன்னிரண்டு வருஷத்தில் அவரும் நானும் ஒரே பாரத்தைத் தூக்கியது அன்றுதான்.

தெற்கு வீதி முனையில் பூக்கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி குரல் கொடுத்தாள்.

"யம்மா! யம்மா, நில்லுங்க! வெறுந்தொட்டில ஆட்டிக்கினு போறீங்களே, ஆவுமா அது? ஆகாதுன்னு எந்தப் பொம்பளையும் சொல்லலியா உங்களுக்கு?"

அத்தை நின்றுவிட்டார். "வேண்டுதல்மா" என்றார். அழுகிற குரல்.

பூக்காரி எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தையை அப்படியே பிரித்தெடுத்து, வாயைத் துடைத்து, எங்கள் தூளியில் போட்டாள்.

"நடங்க. எனக்கு இது நாலாவது. தூளின்னா தூங்கிடும். நானும் கூடவே வரேன்."

கரும்பு வளைந்தது. சேலையின் அடி பாரத்தில் இறங்கியது. அந்தப் பாரம் தோளில் விழுந்த இடம் இன்றைக்கும் எனக்குத் தெரியும். உடனே கவலையும் வந்துவிட்டது. கரும்பு ஒடிந்தால்? முடிச்சு நழுவினால்? குழந்தை பிடிக்கிறவர்கள் என்று யாராவது எங்களை அடித்தால்? "மெதுவா, அத்தை, மெதுவா" என்று கத்திக்கொண்டே நடந்தேன். பூக்காரி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "மல்லி, கதம்பம்!" என்று பக்கத்திலேயே வந்தாள். குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பூவும் வாங்கினார்கள். பாத்திரக் கடை அம்மாளின் தெருவரைக்கும் செய்தி போயிருந்தது. அவள் திரும்ப ஓடிவந்து இந்தத் தடவை திருஷ்டி கழித்தாள்.

"நாளைக்கும் சுத்துவீங்களா? யாவாரம் இன்னைக்கு ஜாஸ்தி" என்றாள் பூக்காரி.

மேற்கு வீதியில் தூளியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகியது. "ஐயோ!" என்று நின்றேன். "நிக்காதீங்க. வீதிக்கு அபிசேகம்" என்றாள் அவள். அத்தை சிரித்துவிட்டார். கரும்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

சுற்றி முடித்துத் தேரடியில் இறக்கியதும், ஈரத்துணி மாற்ற அத்தைதான் குழந்தையை எடுத்தார். பிரித்துப் பார்த்தார்.

"பொண்ணா இது?"

"ஏன் ஆயா, பொண்ணுன்னா உங்க தொட்டில் தாங்கலியா?"

அத்தை தன் முந்தானையால் துடைத்துவிட்டார். குழந்தை அவர் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. பூக்காரி கை நீட்டிய பிறகும் கொஞ்ச நேரம் அவர் கொடுக்காமலே வைத்திருந்தார். பிறகு கொடுத்தார். கொடுத்த பிறகும் கைகள் அதே வளைவில் அப்படியே இருந்தன. நான் அதைப் பார்த்தேன்.

அன்று மாலை அறையில் விளக்கேற்றியதும் அவரே ஆரம்பித்தார். "கேளு. என்னமோ கேக்கணும்னியே."

"பக்கத்து வீட்டுக் குழந்தை."

வெற்றிலையைக் கிள்ளியவர் நிறுத்தினார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி பேச வராது. "சுங்கைப் பொண்ணு வேணாம். அவளும் என்ன மாதிரி வயித்தத் தடவிக்கிட்டு உக்காந்தா மூணாவதா ஒருத்திய எங்க தேடுவீங்க? எனக்கு அந்தக் குழந்தை வேணும். நீங்க வாக்குக் குடுத்தீங்க."

"அது கொள்ளி வைக்குமாடி?"

"ராஜாவுக்கே வெச்ச சாமி, உங்க புள்ளைக்கு வைக்கமாட்டாரா அத்தை? அந்தக் காரியத்த அவரு பாத்துக்கட்டும். சோறு ஊட்டறத நான் பாத்துக்கறேன்."

அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரவு முழுக்க அவர் வளையல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

காலையில் மூட்டை கட்டினோம். மஞ்சள் சேலை கரும்புச்சாற்றில் பிசுபிசுத்து எறும்பு மொய்த்திருந்தது. அலசப் போனேன். "சாமிய சுத்தின துணி. தொவைக்காத. அப்படியே மடி" என்றார். பெட்டிக்குள் எறும்பு போகும், பட்டுப்புடவையைக் கடிக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. ஜட்கா கிளம்பியதும், "தபாலாபீசுக்கு வுடுப்பா" என்றார்.

தந்தி எழுதுகிற இளைஞரிடம் நான் சொன்னேன்: "குழந்தையை உடனே வாங்கிக்கொள்ளவும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வாங்கவா? கொழந்தையவா? என்னங்கம்மா, கடைச் சரக்கா?"

"நீ எழுதுப்பா" என்றார் அத்தை. "கடைசில 'அம்மா சம்மதம்'னு சேத்துக்கோ. இல்லாட்டி அவன் நகரமாட்டான்."

வண்டியில் ஏறி உட்கார்ந்து, வண்டிக்காரர் சொல்வதற்கு முன்பே முன்னால் தள்ளிக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கல்யாணம் ஒரு செலவு, கொழந்த ஒரு செலவு. ரெண்டும் என்னால ஆவாது."

திரும்புகிற கப்பலில் எனக்குத் தூக்கம் இல்லை. தந்தி போய்ச் சேர்ந்ததோ, அதற்குள் வேறு யாராவது வந்து கேட்டுவிட்டார்களோ. பினாங்குத் துறையில் இறங்கும்போது முதலில் என் வீட்டுக்காரரைத்தான் தேடினேன். நின்றிருந்தார். ஒரு கையில் குடை. மறு கை வெறுமை. மூட்டைகளைத் தொட்டுப் பார்க்கவும் மறந்துவிட்டேன்.

அவர் பக்கவாட்டில் நகர்ந்தார். பின்னால் சீனத்தி நின்றிருந்தாள், இடுப்பில் குழந்தையோடு. ஈப்போவிலிருந்து அவ்வளவு தூரம் கூடவே வந்திருக்கிறாள். மலாயில் என்னிடம் சொன்னாள்: "உன் புருஷன் தூக்கப் பயப்படுகிறார். கீழே போட்டுவிடுவாராம். உனக்கு ஏற்ற ஆள்தான்."

நான் கையை நீட்டினேன். குழந்தை கொஞ்சம் யோசித்து வந்தது. சீனத்தி துண்டின் நுனியைக் கண்ணில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டு, "பக்கத்து வீடுதானே, பக்கத்து வீடுதானே" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அத்தை அந்த இடத்திலேயே, போகிற வருகிறவர்களுக்கு நடுவில், தகரப் பெட்டியைத் திறந்து மஞ்சள் சேலையை உருவினார். ஒரு முனையை என்னிடம் வீசினார்.

"புடி. நல்லா உதறுடி. எறும்பு இருக்கும். என் பேத்தியக் கடிச்சுடப் போவுது."